லாரி பெல்ட்டும் தும்புக்கயிறும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் நர்சுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நர்சின் அடுத்த வீட்டில் குடியிருந்ததில்லை. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பினேன். பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையில் எங்கள் வீடு. வந்த நாள் முதல் பிரஷர் பார்க்க ஆள் வரும், ஊசி போட ஆள் வரும், டாக்டர் எழுதிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஆள் வரும். யாரும் வராத நேரத்தில் என் கணவர் வந்து மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்பார். ஒரு நாள் மகனோடு போனில் பேசும்போது, ஒருத்தரும் ஒன்றும் கேட்காத இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவன் கொச்சியில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு மலையேறி, காட்டில் கூடாரம் அடித்துக் கிடக்கிறவன். அடுத்த வாரமே ஒரு பொதி வந்தது.

உள்ளே தேங்காய் அளவில் ஒரு பச்சைப் பை. அவிழ்த்தால் துணி வந்துகொண்டே இருந்தது. பாராசூட் துணி போல வழுவழுப்பு. முன்னறைத் தரை முழுக்க விரித்த பிறகுதான் முடிந்தது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்புக் கொக்கி, எங்கள் பேச்சில் கொளுத்து. மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதற்குப் பெயர் ஹாமக், இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி அதில் கிடக்கலாம், காட்டில் நாங்கள் இதில்தான் உறங்குவோம் என்றான். மரத்தில் கட்டுவதற்கானது இதோடு வராது, தனியாக வாங்க வேண்டும், அகலமான பட்டை வாங்குங்கள், இல்லாவிட்டால் நல்ல கயிறாக வாங்குங்கள் என்றும் சொன்னான். அந்த ‘இல்லாவிட்டால்’ என்ற ஒரு சொல்லில் தொடங்கியதுதான் பிறகு நடந்தது எல்லாம்.

அன்று பிரஷர் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் தரையில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். “தொட்டிலாக்கும்? மருமகளுக்கு விசேஷம் உண்டா?” என்று கேட்டாள். என் மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் என்றேன். அவள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு தடவை அளந்தாள். அவளுடைய பிரஷர் அன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பால் சொசைட்டியில் எல்லாரும் அறிந்துவிட்டார்கள், மஸ்கட் நர்சு தொட்டிலில் கிடக்கப் போகிறாள் என்று.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கணக்குப் போடாமல் தொட மாட்டார். ஹாமக் விஷயத்தை உடனே தன் கையில் எடுத்துக்கொண்டார். டேப்போடு வீட்டைச் சுற்றியுள்ள பறம்பில் இறங்கினார். தென்னை முதலில் கழிந்தது. மேலே இருந்து விழும் தேங்காய் என்ன வேகத்தில் என் நெற்றியை வந்து சேரும் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் நானே தென்னை வேண்டாம் என்றுவிட்டேன். ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. ஆனால் பால் வெட்ட வருகிறவர், வெட்டுக்கு மேலேயும் கட்டக்கூடாது கீழேயும் கட்டக்கூடாது, பட்டை நசுங்கினால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாக்கி நின்றது கிழக்கு எல்லையில் ஒரு அயினி மரம். நல்ல உரமான மரம். அதற்குத் தோதான தூரத்தில் இன்னொன்று வேண்டும். அவர் டேப்பை இழுத்துக்கொண்டே நடந்து கையாலையில் போய் முட்டினார். கையாலை என்பது எல்லைக்கு வைத்த மண்சுவர். மழையில் கரைந்து கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சரியாக டேப் சொல்லும் இடத்தில், ஒரு மாமரம் நின்றது. அது என் அண்ணனுடையது.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அதற்குக் காரணம் உண்டு. அண்ணன் எங்கள் குடும்ப வீட்டில் இருக்கிறார். எனக்குக் கிடைத்த பங்கில் நாங்கள் வீடு வைத்ததால் அடுத்தடுத்த வீடு. அவருக்குப் பந்தல் தொழில். கல்யாணத்துக்கும் மரணத்துக்கும் சபைக் கன்வென்ஷனுக்கும் பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் அவரிடமிருந்துதான் போகும். போன வருஷம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ்ஸில் நேராக மண்டபத்துக்கு வருவதாக இருந்தார்கள். வழி காட்டுவதற்கு ஜங்ஷனில் நின்றவர் என் கணவர். நெஞ்சில் ரிப்பன் பூ குத்தியிருந்தார். அன்று அந்த ரோட்டில் இன்னொரு மண்டபத்திலும் கல்யாணம். பஸ் வந்து நின்றது. டிரைவர், கல்யாணம் எந்தப் பக்கம் என்று கேட்டார். இவர் இடது பக்கம் என்றார். பஸ்ஸைப் பார்த்து நின்றவருக்கு எது இடதோ அது பஸ்ஸுக்கு வலது. டிரைவர் தன்னுடைய இடதுபக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மற்றக் கல்யாணத்தில் அவர்களுக்கு நல்ல மரியாதை கிடைத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இலை போட்டு, பாயசம் எல்லாம் விட்டு உபசரித்தார்கள். சாப்பிட்டு முடிந்து, மேடையில் ஏறி, கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, படமும் எடுத்த பிறகுதான் தாய்மாமனுக்கு, பையன் கொஞ்சம் உயரமாக இருக்கிறானே என்று சந்தேகம் வந்தது. எங்கள் மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஒருவருக்கும் பசியில்லை. அண்ணன் தானே நின்று பார்த்துச் செய்வித்த ஆட்டு பிரியாணி பெரிய சமையல் செம்போடு அப்படியே இருந்தது.

பிரியாணி மிஞ்சியதற்குக்கூட அண்ணன் பொறுத்திருப்பார். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கப் போனவரிடம் என் கணவர், இடதும் வலதும் பார்க்கிற ஆளைப் பொறுத்தது என்று கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை மச்சான் முறையில் ‘அளியன்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது ‘அந்த சாரு’ என்று சொல்லத் தொடங்கினார்.

மாமரத்தைக் கேட்க நான்தான் போனேன். அண்ணி மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்ததால் அண்ணன் தனியாக இருந்தார். முற்றத்தில் நாற்காலிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காதில் விழாதது போலக் கொஞ்ச நேரம் கழுவினார்.

“மாவு நிக்கது நீயும் நானும் களிச்ச மண்ணிலயாக்கும். அதுக்கு என்னத்துக்கு மக்கா கேக்கணும்?” என்றார். மாவு என்றால் எங்கள் பேச்சில் மாமரம். “ஆனா ஒரு காரியம். எனக்க மாவில கயிறுதான் கெட்டணும். நான்தான் கெட்டுவேன். அந்த சாரு வாங்கிற பெல்ட்டும் கில்ட்டும் இஞ்ச வேண்டாம்.”

பெல்ட் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. ஆனால் அன்று காலையில் என் கணவர் பாறசாலை சந்தைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் நின்று பேசியது அதற்குள் அண்ணனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கே கடைக்காரர் நைலான் கயிறு, மாட்டுக்கயிறு, கிணற்றுக்கயிறு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாராம். இவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, நீளும் என்றும் நழுவும் என்றும் தள்ளிவிட்டாராம். கடைசியில் கடைக்காரர் பொறுமை போய், லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டும் பெல்ட் ஒன்றைத் தூக்கிப் போட்டு, “இது போரே சாரே? பத்து சாக்கு சிமெண்டு அனங்காது” என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார், பத்து சாக்கு சிமெண்டை ஏற்றினாலும் அசையாது என்று. இவருக்கு அது போதும் என்று பட்டுவிட்டது. மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம், நடுவில் பல்சக்கரம் வைத்த ஒரு இரும்புப் பிடி. பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெல்ட் இறுகிக்கொண்டே போகும்.

நான் அண்ணனின் நிபந்தனையைச் சொன்னதும் இவர் சிரித்தார். கயிறு மரத்தை அறுக்கும், பட்டை அறுக்காது, பாரம் பரந்து விழும் என்று ஒரு பாடம் எடுத்தார். பிறகு, அவருடைய மரம் அறுந்தால் அவருக்கு, என்னுடைய அயினியில் பெல்ட்தான் என்றார். ஆக, ஒரு முனையில் பெல்ட்டும் மறுமுனையில் கயிறும் என்று முடிவானது. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததால் தானாக வந்த முடிவு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கட்டினார்கள். அண்ணன் பந்தல் சாமான்களிலிருந்து பெருவிரல் கனத்தில், தேங்காய் நாரில் திரித்த ஒரு தும்புக்கயிறு கொண்டுவந்து மாமரத்தைச் சுற்றினார். இவர் அயினியில் பெல்ட்டைச் சுற்றினார். நான் கையாலையின் மேல் நின்றேன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வேன் நிறுத்துகிற தூரம்கூட இல்லை. ஆனாலும் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும்.

“முடிச்சை இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக் கெட்டச் சொல்லு. முப்பது டிகிரி வேணும்” என்பார் இவர்.

“கேட்டாச்சுன்னு சொல்லு மக்கா. டிகிரியெல்லாம் காலேஜில கிட்டும், இஞ்ச கிட்டாதுன்னும் சொல்லு” என்பார் அண்ணன்.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கையாலை வழுக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

முதலில் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தார்கள். சாக்கு நன்றாகவே கிடந்தது. துணி கொஞ்சம் தொய்ந்திருப்பது இவருக்குப் பிடிக்கவில்லை. படத்தில் பார்த்தது போல் அழகாக இல்லை என்று பெல்ட்டின் பிடியை ஆட்டத் தொடங்கினார். முப்பது டிகிரி போன இடம் தெரியவில்லை. ஹாமக் துணி உலர்த்தும் கொடி மாதிரி விறைத்து நின்றது. இனி ஏறு என்றார். நான் ஒரு காலைத் தூக்கிப் போட்டு மெல்ல உட்கார்ந்தேன். அது ஒரு மூச்சு நேரம் என்னைப் பொறுத்தது. பிறகு அப்படியே புரண்டு, கையாலைக்கு அந்தப் பக்கம், அண்ணனின் வாழைக்குழியில் என்னைக் கொட்டியது. நல்ல வேளையாக அதில் சருகு நிறையக் கிடந்தது.

கயிறு முறுக்குப் பிரிந்ததால்தான் புரண்டது என்றார் இவர். பெல்ட்டை மத்தளம் மாதிரி இறுக்கினால் எதுவும் புரளும் என்றார் அண்ணன். இரண்டையும் எனக்கே சொன்னார்கள், நான் குழிக்குள் மல்லாந்து கிடந்தபோது. எழுப்பிவிடுங்கள் என்று நான் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் என்னை ஞாபகம் வந்தது.

மறுபடியும் தளர்த்திக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய் அதில் கிடந்தேன். முதல் தடவையாக நன்றாக இருந்தது. மேலே மா இலைக்கு நடுவில் துண்டு துண்டாக வானம். எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தூரப் போனது. தலை எங்கள் பறம்பிலும் கால் என் பிறந்த வீட்டுப் பறம்பிலுமாக நான் உறங்கிப் போனேன். கயிறும் தன் போக்கில் இளகியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நான் இறங்கியதை நான் அறியவில்லை. முதுகில் ஏதோ உறைக்கக் கண் திறந்தபோது கையாலையின் மேல் உட்கார்ந்திருந்தேன், துணியோடு. அதற்குள் மாமரத்திலிருந்த மிசிறு, எங்கள் பக்கத்தில் கடித்தால் கடித்த இடம் எரிகிற சிவப்பு எறும்பு, தும்புக்கயிற்றின் வழியே வரிசை போட்டு வந்துவிட்டது. அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பால் சொசைட்டியில் இன்னும் சொல்கிறார்களாம்.

இவர் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து கடிபட்ட இடத்தில் தடவினார். தடவும்போது, பெல்ட் வழியாக ஒரு எறும்புகூட வரவில்லை, கவனித்தாயா என்று கேட்டார். அயினியில் எறும்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நான் இல்லை. ஹாமக்கை மடித்துப் பையில் போட்டு மகனுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

ஆனால் இவருடைய மூளை அடங்கவில்லை. கயிறு இளகும்போதெல்லாம் இறங்கிப் போய் மரத்தடியில் நின்று பெல்ட்டை இறுக்குவது கஷ்டம். அதனால் பல்சக்கரத்தைத் துணியின் முனைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், உள்ளே இருந்தபடியே இறுக்கிக்கொள்ளலாம் அல்லவா. புதன்கிழமை நான் சபையில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, அந்த ஏற்பாட்டைச் செய்து தானே ஏறி உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இவர் கைலி உடுத்தியிருந்தார். உட்கார்ந்தபடி பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கினார். பெல்ட் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. பெல்ட்டோடு சேர்ந்து கைலியின் ஓரமும் சுற்றிக்கொண்டது. திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார். துணி இரண்டு பக்கமும் மேலே எழும்பி அவரை இலை அடை மாதிரி மூடியது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் இறங்கலாம், கைலி இறங்காது. பிடியைத் தளர்த்தும் வழி அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் இறுக்குவதை மட்டும்தான் காட்டிக்கொடுத்தாராம். அந்த நேரம் பார்த்து தனுவச்சபுரம் காலேஜ் விட்டு, பிள்ளைகள் ரோட்டில் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். எங்கள் பறம்பு ரோட்டோரம். கைலியை விட்டுவிட்டு இறங்குவது என்பது, முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த ஒருவருக்கு நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல.

அண்ணன் தன் முற்றத்தில்தான் இருந்தார். இவருக்கு அது தெரியும். ஆனால் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட மனசு வரவில்லை. “இஞ்ச ஆராவது உண்டா?” என்று மரத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“ஆளு உண்டு. ஆரைக் கேக்கதுன்னு சொன்னா வரலாம்” என்று அண்ணன் நாற்காலியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ரோட்டில் இன்னொரு கூட்டம் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு, “அளியா, ஒண்ணு வாரும்” என்றாராம் இவர்.

அண்ணன் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்தார். ஹாமக்குக்குப் பக்கத்தில் போட்டு, கால்மேல் கால் வைத்து உட்கார்ந்தார். அவிழ்ப்பதற்கு அவசரம் காட்டவில்லை. எத்தனையோ மாதமாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்வதற்கு, எழுந்து போகமுடியாத ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

நான் கூட்டம் முடிந்து வரும்போது பறம்பின் கிழக்குப் பக்கத்தில் பேச்சுக் கேட்டது. என் வீட்டில் அந்த இரண்டு குரலும் ஒன்றோடொன்று பேசிக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. என்ன அபாயமோ என்று ஓடினேன். விறகுப்புரையின் மறைவில் வந்ததும் எல்லாம் தெரிந்தது. நாற்காலியில் அண்ணனும், துணிக்கு வெளியே நீட்டிய மூக்குக்கண்ணாடியும். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒளிந்து கேட்பது தப்புதான். ஆனால் நடுவில் போய் நின்றால் மறுபடியும் என் வழியாகத்தான் பேசுவார்கள் என்று பயந்தேன்.

“நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு” என்றார் அண்ணன். “எனக்க மகளுக்க கல்யாணத்துக்கு வந்த மனுசரு, வேற ஒருத்தனுக்க சோத்தை உண்டுட்டு வந்தினும். நான் செம்பு மூடியைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கியேன், ஒருத்தருக்கும் வேண்டாம். அதுக்கு நீரு ஒரு வாக்கு சொன்னீரா?”

“படம் வரைஞ்சு காட்டினேனே.”

“படம் ஆருக்கு வேணும்?”

காலேஜ் பிள்ளைகள் ரோட்டில் சிரித்துக்கொண்டு போனார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்கள் பாட்டுக்குச் சிரித்தார்கள். ஆனாலும் துணி இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது.

“எனக்க எடது அவனுக்கு வலதாக்கும்னு எட்டாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் அளியா” என்றார் இவர். “அண்ணைக்கு எனக்குத் தெரியாமப் போச்சு. ரிப்பன் பூவும் குத்திட்டு நிண்ணதில தலை கொஞ்சம் கனத்துப் போச்சு. தப்பு எனக்கதாக்கும். அதில எனக்கு நல்ல வெசனம் உண்டு.”

அண்ணன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, பிரியாணி நல்ல ருசியாக இருந்தது, அதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியும், நான் ரெண்டு தடவை வாங்கித் தின்றேன் என்றார் இவர். அதைக் கேட்டு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து ஆடும். விறகுப்புரைக்குப் பின்னால் எனக்கும் அடக்க முடியவில்லை. நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்வேன். அப்படித்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு விடுவிக்கிற வேலை. அண்ணன் பிடியை ஆட்டிப் பார்த்தார், இன்னும் ஒரு பல் இறுகியது. இவர் ‘அய்யோ’ என்றார். அண்ணன் போய் அரிவாள் எடுத்து வந்தார். எதை அறுப்பது என்பதில் கருத்து வேறுபாடு. அண்ணனுக்குப் பெல்ட்டை அறுக்க வேண்டும் என்று ஆசை. இவர், கைலியை அறுத்தால் போதும், பெல்ட் புதுசு என்றார். எனக்கு இரண்டு பேரின் கையிலும் அரிவாளை விட்டுவைக்கப் பயமாக இருந்தது. மாமரத்தில் இருக்கிற கயிற்றை அவிழ்த்தால் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து, கிணற்றில் குடம் இறக்குவது போல மெல்ல இறக்கினார். இவர் கையாலையின் மேல் பத்திரமாக வந்து அமர்ந்தார். அண்ணன் தோர்த்தை நீட்ட, இவர் அதைச் சுற்றிக்கொண்டு, கைலியை அங்கேயே விட்டுவிட்டு, நிமிர்ந்த நடையோடு வீட்டுக்குப் போனார். ராத்திரி போனில் ஒரு வீடியோ பார்த்து, பிடியில் ஒரு சின்ன நாக்கை இழுத்தால் தளர்ந்துவிடும் என்று கண்டுபிடித்தார். கைலியில் பல்சக்கரத்தின் தடம் வரிசையாக விழுந்திருந்தது.

இனி எல்லாம் சுகம் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு பேரும் அண்ணனின் பெட்டி ஆட்டோவில் ஹாமக்குக்குச் சரியான கட்டு வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். சாயங்காலம் பீஃப் பொரியலும் பரோட்டாவும் தின்ற வாசனையோடு திரும்பி வந்தார்கள். வாங்கியது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. கடையில் வைத்து அண்ணன், “பெல்ட்டுதான் நல்லது அளியா, நீரு சொன்னதாக்கும் சரி” என்றிருக்கிறார். இவர், இல்லை, கயிற்றுக்கு உள்ள அடக்கம் பெல்ட்டுக்கு இல்லை என்றிருக்கிறார். நீங்கள் சொன்னதுதான், இல்லை நீங்கள் சொன்னதுதான் என்று மாறி மாறி மரியாதை பண்ணி, கடைக்காரர் ஷட்டர் போடும் வரை நின்றிருக்கிறார்கள். மறுபடியும் சனிக்கிழமை போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டையாக இருந்தபோதாவது ஆளுக்கொரு முனை கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரையில், கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் சீட் தைக்கிற ஒரு கடையை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வாசலில் சீட் பெல்ட்டுக்கான பட்டை சுருள் சுருளாகத் தொங்கும். காரில் ஆளைப் பிடித்து நிறுத்துகிற பட்டை மரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தாதா என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டார். தொட்டிலுக்கு என்றேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, முனைகளை மடக்கி வளையமாக, பலமாகத் தைத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து நானே கட்டினேன். பட்டையை மரத்தில் சுற்றி, வளையத்துக்குள் மறுமுனையைக் கோத்து இழுத்து, கொளுத்தை மாட்டினால் வேலை முடிந்தது. முடிச்சு இல்லை, சக்கரம் இல்லை. பட்டையின் அகலத்தில் மாமரத்தின் தோல் நசுங்கவில்லை, கயிறு மாதிரி இளகவும் இல்லை. சத்தம் கேட்டு இவர் வந்து அயினிக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் வந்து மாமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அண்ணன் மட்டும், எறும்பு வராமல் இருக்க ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து மாமரத்தின் தூரில் சுற்றிவைத்தார். அது கொள்ளாம் அளியா என்று இவர் பாராட்டினார்.

நான் ஏறிப் படுத்தேன். அளவாகத் தொய்ந்து, அளவாக ஆடியது. மழைக்கு முந்தின காற்று. நல்ல உறக்கம் உறங்கினேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இறங்குவதுதான் நான் யோசித்திராத பகுதி. துணி பள்ளமாக இருந்தது, என் முட்டும் பழைய முட்டு. காலை வெளியே போட்டால் இடுப்பு வரவில்லை, இடுப்பைத் தூக்கினால் கால் உள்ளே போய்விடுகிறது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். இவர் இந்தக் கையைப் பிடித்தார், அண்ணன் அந்தக் கையைப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கமாக, பலமாக, மரியாதையோடு இழுத்தார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

“ஆராவது ஒருத்தர் விடுங்கோ” என்றேன்.

“நீரு விடும் அளியா” என்றார் இவர். “வேண்டாம், நான் விடியேன்” என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். நான் மறுபடியும் மல்லாந்து உள்ளே போய் விழுந்தேன். சிரித்துச் சிரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, சாயா போட்டு இங்கேயே கொண்டுவாருங்கள் என்று சொல்லி இவரை அனுப்பினேன்.